சிங்க் மாற்றப் போனோம், சுவர் வரை வந்துவிட்டோம்

வீட்டு வேலை: வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சமையலறை சிங்க் ரொம்பச் சின்னது. பெரிய பாத்திரம் ஒன்றைக் கழுவினால் பாதித் தண்ணீர் என் மேல்தான். பெரிய சிங்க் ஒன்று போடலாம் என்று பிளம்பரைக் கூப்பிட்டோம். “இந்த மேடைக் கல்லில் உட்காராது, கல்லை மாற்றணும்” என்றார். கல் வேலைக்காரர் வந்து, “கல்லை எடுத்தால் டைல்ஸ் உடையும்” என்றார். டைல்ஸ் ஒட்டுகிறவர், “சுவரை உரித்த பிறகு பழைய பைப்பை அப்படியே விடாதீங்க” என்றார். எலக்ட்ரீஷியன் வந்து வயரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். இப்போது என் கணவர், “இவ்வளவு செய்கிறோம், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவரையும் எடுத்துவிடலாமே” என்கிறார். மாமியாரோ, “எனக்கு ஒரு சிங்க் போதும்மா” என்கிறார். வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எங்களை ஏமாற்றுகிறார்களா?
– ஒரு வாசகி

பதில்: ஏமாற்றவில்லை அம்மா. வந்த நான்கு பேரும் அவரவர் வேலையைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான்கு பேர் சொன்னதற்கும் இடையில் நிறுத்திக்கொள்ளக்கூடிய இடங்கள் இருக்கின்றன. அதைச் சொல்வது அவர்கள் வேலை இல்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. ஐந்தாவதாகப் பேசிய உங்கள் கணவருக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சிங்க். மேடைக்கு மேலே இருந்து அளக்காதீர்கள். சிங்க்கின் விளிம்பு கல்லில் வெட்டிய ஓட்டையை மறைத்துக்கொண்டு இருக்கும். கீழே குனிந்து டார்ச் அடித்து, ஓட்டையின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். அதே ஓட்டையில் உட்காரும், ஆனால் இன்னும் ஆழமான சிங்க் கிடைக்குமா என்று பாருங்கள். தண்ணீர் மேலே தெறிப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், அகலத்தைவிட ஆழம்தான் உதவும். 20 செ.மீ.க்கு மேல் ஆழம் இருந்தால் நன்று.

ஆழம் கூட்டும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். சிங்க்கிலிருந்து தண்ணீர் போகும் வேஸ்ட் பைப் சுவருக்குள் எந்த உயரத்தில் நுழைகிறது? சிங்க்கின் அடிப்பாகமும் அதன் கீழ் வரும் டிராப்பின் (நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வளைவுக் குழாய்) வெளிவாயும் அதற்கு மேலே இருந்தாக வேண்டும். அழகான ஆழமான சிங்க்கை வாங்கி மாட்டிவிட்டு, தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்ற வீட்டைப் பார்த்திருக்கிறேன். சுவரிலிருந்த ஓட்டை சிங்க்கின் அடியைவிட உயரத்தில் இருந்தது. தண்ணீர் மேலே ஏறிப் போகாது என்பதை நினைவுபடுத்த அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. படுக்கையாகப் போகும் பைப்புக்கு மீட்டருக்கு 2 செ.மீ. அளவாவது சரிவு வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இதெல்லாம் ஒத்துவந்தால் சிங்க்கோடு வேலை முடிந்தது. மாமியார் ஜெயித்தார்.

ஒத்துவரவில்லை, ஓட்டையைப் பெரிதாக்கத்தான் வேண்டும் என்றால், பிளம்பர் சொன்னதுக்கு வருவோம். மேடைக் கல் பெரும்பாலும் 18 அல்லது 20 மி.மீ. தடிமன்தான். சிங்க்குக்கு முன்னாலும் பின்னாலும் மிஞ்சும் கல்பட்டைதான் அந்த இடத்திலேயே பலவீனமானது. அது நான்கு விரல் அகலத்துக்கும் கீழே குறைந்தால், பொருத்தி வைத்த பழைய கல்லில் மெஷின் அதிர்வுக்கே விரிசல் விடலாம். அன்றைக்கே தெரியாமல் கொஞ்ச நாள் கழித்து மயிரிழையாகத் தெரியும். அவர் கல்லை மாற்றச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் டைல்ஸ். பழைய வீடுகளில் கல்லைச் சுவர்ப் பூச்சுக்குள் ஒன்றிரண்டு செ.மீ. நுழைத்து வைத்து, அதன் தலையில் டைல்ஸைக் கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்கள். கல்லை உருவினால் கீழ் வரிசை போகும். ஆனால் கீழ் வரிசைதான் போகும், முழுச் சுவரும் போக வேண்டியதில்லை. அந்த வரிசையை மட்டும் நிதானமாக எடுத்துவிட்டு, புதுக் கல்லிலேயே 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு பட்டை வெட்டிச் சுவரோரமாக நிறுத்தச் சொல்லுங்கள். பழைய டைல்ஸுக்கு ஜோடி தேடி அலைய வேண்டாம். வேறு நிறம் என்பது உறுத்தாது, வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும். இது நீங்கள் நிறுத்திக்கொள்ளக்கூடிய இரண்டாவது இடம்.

மூன்றாவது இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தச் சொல்லமாட்டேன். முப்பது வருடத்து வீடு என்றால் சுவருக்குள் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருக்க வாய்ப்பு அதிகம். அது உள்பக்கமாகத் துருப்பிடித்துத் துருப்பிடித்து வாய் சுருங்கிப்போகும். காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறதா? குழாய் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிய பிறகும் தண்ணீர் ஒல்லியாகத்தான் வருகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், எப்படியும் பைப்பை மாற்றும் நாள் வரும். புது டைல்ஸை உடைத்து மாற்றுவதைவிடப் பழைய டைல்ஸை உடைத்து மாற்றுவது மேல். பிளம்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “புதுப் பைப்பும் பழைய பைப்பும் எங்கே சேருகின்றன?” அந்த இணைப்பு கைக்கு எட்டும் இடத்தில், வெளியே தெரிய வேண்டும். பழைய மரையை ஸ்பேனர் போட்டுத் திருகும்போதுதான் அது விட்டுப்போகும். அதைக் கலவை பூசி மூடிவிட்டால் கசிவு உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் பக்கத்து அறைச் சுவருக்குத் தெரிந்துவிடும்.

எலக்ட்ரீஷியன் உச்சுக் கொட்டியதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் சமையலறைக்கு ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் பெரிய விஷயம். இன்றைக்கு 2000 வாட் கெட்டில் ஒன்றும், 1300 வாட் இழுக்கும் மைக்ரோவேவ் ஒன்றும் சேர்ந்து ஓடினால், 230 வோல்ட் மின்சாரத்தில் 14 ஆம்பியருக்கு மேல் போகும். விளக்குக்காகப் போட்ட மெல்லிய வயரை அதற்கு நம்பக் கூடாது. சூடேற்றும் சாதனங்களுக்கு போர்டிலிருந்தே தனி லைன், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், அளவுக்கு மேல் மின்சாரம் போனால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., அதோடு கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் அறை அது, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஆக, எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று குழம்பினால் நான் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்: சுவருக்குள் போவதையெல்லாம் சுவர் திறந்திருக்கும்போதே செய்துவிடுங்கள். சுவருக்கு மேல் வருவதையெல்லாம் நிதானமாகச் செய்யலாம். அலமாரிக் கதவு, மேல் அலமாரி, டிராயர், விளக்கு அழகு எல்லாம் அடுத்த வருடத்துக்கும் காத்திருக்கும். காத்திருக்காது என்று சொல்கிறவர் மாடுலர் கிச்சன் விற்பவராக இருப்பார்.

இனி உங்கள் கணவர். அவர் சொல்வது மட்டும் வேறு வகை. பைப்பும் வயரும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை என்பதால் வேலை வளர்ந்தது. நடுச்சுவர் எதோடும் கட்டப்படவில்லை. “இவ்வளவு செய்கிறோம், இதையும்” என்ற பேச்சோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. சுவரை எடுத்தால் அதற்குக் கீழே தரை இருக்காது, ஒரு நீளமான பள்ளம்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பினால் இரண்டு பக்கத் தரையோடும் ஒட்டாது. மேலே கூரையில் ஒரு வடு. சுவரில் இருந்த சுவிட்ச்போர்டு போக இடம் தேடும். அப்புறம் ஹாலுக்கும் தரை, ஹாலுக்கும் பெயின்ட். சமையலறை வேலை என்று சொல்லிக்கொண்டு முழு வீட்டையும் பிரித்துப் போட்டிருப்பீர்கள்.

அதைவிட முக்கியம், அந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்பது. தூண், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் நடுச்சுவர் பெரும்பாலும் தடுப்புதான். சுவரே பாரம் தாங்கும் பழைய கட்டுமானத்தில் அப்படி இல்லை. ஒற்றைக் கல் சுவர், இரட்டைக் கல் சுவர் என்று தடிமனை வைத்துக் கொத்தனார் சொல்வதை மட்டும் நம்பி இடிக்காதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, எழுத்தில் தர வேண்டும்.

“சமையலறை சின்னது” என்பது அவர் காரணமாக இருந்தால் இதையும் சொல்லுங்கள். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்து, நடையைக் குறைத்து, கைக்கு எட்டும்படி எல்லாவற்றையும் வைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது வைக்கப்பட்டது. உங்கள் அறையின் அளவை எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக உங்களுடையது பெரிதாக இருக்கும்.

கேள்வி: மேடை உயரம் எவ்வளவு வைப்பது? ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கு ஓர் அளவுதான், அதில் தப்பில்லை. வீட்டில் அதிகம் சமைப்பவர் செருப்பில்லாமல் நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கிக்கொள்ளட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கழியுங்கள். நறுக்குவதற்கு அதுதான் சரியான உயரம். பலருக்கு 85-க்கும் 90-க்கும் இடையில் வரும். அடுப்புக்கு அதே உயரம் சற்று அதிகம், ஏனென்றால் அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் மேலே சேரும். சிங்க்குக்கு நேர்மாறு. கை போவது மேடை மட்டத்துக்கு அல்ல, சிங்க்கின் அடிக்கு. அதனால்தான் பாத்திரம் கழுவும்போது முதுகு வலிக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் இழுத்துவிட்டுப் போவது கொத்தனாருக்குச் சுலபம். அடுப்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கேளுங்கள், முணுமுணுத்துக்கொண்டாவது செய்து தருவார். இருவர் மாறி மாறிச் சமைக்கிற வீடாக இருந்தால் உயரமானவருக்கு வையுங்கள். குள்ளமானவர் ஒரு பலகை மேல் ஏறி நிற்கலாம், உயரமானவர் குழி தோண்டி நிற்க முடியாது.

இன்னொன்று, பழைய தரையின் மேலேயே புதுத் தரை போடப்போகிறீர்கள் என்றால் அந்தத் தடிமனையும் முன்கூட்டியே கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேடை 2 செ.மீ. தாழ்ந்துவிடும், பிறகு யாரைத் திட்டுவது?

கேள்வி: கிரானைட்டா, குவார்ட்ஸா?

பதில்: கிரானைட் இயற்கைக் கல். குவார்ட்ஸ் என்று விற்பது படிகத் துகளைப் பிசினோடு சேர்த்து ஆலையில் அழுத்திச் செய்த பலகை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் துகள்தான். ஆனால் சூடு தாங்காதது மிச்சமிருக்கும் பிசின். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைத்தால் தடம் விழும். கறை எளிதில் ஏறாது, நிறம் ஒரே சீராக இருக்கும் என்பவை அதன் பலம். கிரானைட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால், ஈரம் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச வேண்டிய கல். சூடான பாத்திரத்தை நினைத்த இடத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால் என் ஓட்டு கிரானைட்டுக்கு.

இரண்டில் எதுவானாலும் வீட்டுக்குள் உலர்ந்த நிலையில் அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். குவார்ட்ஸில் அது மிக அதிகம். அறுக்கும் தொழிலாளிகளுக்கு வந்த நுரையீரல் நோயைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. மேடையாகப் போட்டபின் பயன்படுத்துகிறவருக்கு ஆபத்தில்லை, அறுப்பவருக்குத்தான். சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை எல்லாவற்றையும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு சிங்க்கையும் அடுப்பையும் முன்பே வாங்கி அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். படத்தைக் காட்டி அளவு சொல்லாதீர்கள்.

கேள்வி: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா? உடைக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: ஒரு மரக் கட்டையால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுங்கள். பொத்தென்று வெற்றொலி கேட்கும் டைல்ஸ் ஆங்காங்கே இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துக் கலவை நிரப்பலாம். எங்கும் கேட்டால் ஒட்டாதீர்கள், எல்லாம் சேர்ந்து கீழே வரும். கெட்டியாக இருந்தால் டைல்ஸ் ஒட்டும் பசை போட்டுத் தாராளமாக ஒட்டலாம், வெறும் சிமென்ட் பாலில் வேண்டாம். சுவர் ஒரு செ.மீ.க்கு மேல் முன்னால் வரும். சுவிட்ச் பெட்டிகளும் குழாய் மரைகளும் உள்ளே போய்விடும், அவற்றுக்கு நீட்டிப்பு வாங்கி வையுங்கள்.

கேள்வி: அடுப்பை எதிர்ச் சுவருக்கு மாற்ற ஆசை. கேஸ் ரப்பர் குழாயை நீளமாக வாங்கினால் போதும்தானே?

பதில்: போதாது. நீளமான குழாய் அடுப்பின் பின்னாலும் அலமாரிக்குள்ளும் நுழைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும், அங்கேதான் அது காய்ந்து விரிசல் விடும். சுவர் வழியாக ரப்பர் குழாயைக் கொண்டுபோகவே கூடாது. தூரம் போக வேண்டுமென்றால் உலோகப் பைப், அதுவும் அங்கீகாரம் பெற்ற ஆளை வைத்து. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் அலமாரிக் கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுப் போக வழி விடுங்கள். பைப் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்கு மேலே வழி வேண்டும். இணைப்பைச் சோதிக்கச் சோப்புத் தண்ணீர். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகப் பேசி வேலை கொடுத்திருக்கிறோம். ஆரம்பித்த பிறகு “இது கணக்கில் இல்லை, அது கணக்கில் இல்லை” என்கிறார். என்ன செய்வது?

பதில்: “சமையலறை வேலை முழுவதும்” என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். உடைத்த குப்பையை யார் அள்ளுவது, எத்தனை பிளக் பாயின்ட், பைப் என்ன ரகம், பலகை என்ன ரகம், சிங்க்குக்குக் கீழ் வரும் அலமாரிக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டா, ஈரம் பட்டால் உப்பும் துகள் பலகையா என்பதெல்லாம் வரிவரியாக வந்திருக்க வேண்டும். இனிமேலாவது, கூடுதல் வேலை எதுவானாலும் தொடங்குவதற்கு முன்னால் அதன் தொகையும் அதனால் எத்தனை நாள் கூடும் என்பதும் ஒரு தாளில் வரட்டும். வாய்ப்பேச்சில் “பார்த்துக்கலாம் சார்” என்றால் நீங்களும் பணத்தைப் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் சுவரை உடைத்தபின் தெரிந்த பழுதுக்கு அவர் பொறுப்பில்லை, அதற்கு நீங்கள்தான் முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும். பழைய வீட்டுக்கு மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைக்கச் சொல்வேன், அதைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதீர்கள்.

கேள்வி: பைப், வயர் எல்லாம் போட்டாயிற்று. நாளை பூச்சு வேலை என்கிறார்கள். நாங்கள் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, அதற்காகப் பூச்சை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை. பைப் முனைகளை எல்லாம் அடைத்துவிட்டு, பிரஷர் பம்ப் வைத்து வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றச் சொல்லுங்கள். சில மணி நேரம் கழித்தும் முள் இறங்கக் கூடாது. “மோட்டார் போட்டுப் பார்த்தாச்சு, கசியலை” என்பது சோதனை ஆகாது. வேஸ்ட் பைப்புக்கு ரசமட்டம் வைத்துச் சரிவு எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள், பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். பிளக் பெட்டிகள் சிங்க்குக்கு நேர் மேலேயோ அடுப்புக்கு நேர் பின்னாலோ வந்திருந்தால் இன்றைக்கே நகர்த்தச் சொல்லுங்கள், பூசிய பிறகு மனசு வராது.

எல்லாம் சரி என்றால், அளவு நாடாவைத் தரையிலிருந்து மேலே நிறுத்தி, ஒவ்வொரு சுவரையும் அந்த நாடா தெரியும்படி படம் எடுங்கள். மூலையிலிருந்து எத்தனை செ.மீ.யில் பைப் ஏறுகிறது, எந்த உயரத்தில் வயர் திரும்புகிறது என்பது அதில் தெரிய வேண்டும். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் கைபேசியோடு போய்விடும். தாளில் எடுத்து மின்சார போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அலமாரி மாட்டச் சுவரில் துளை போட வருகிறவர் முதலில் அந்தத் தாளைப் பார்க்கட்டும்.